அப்பா பெயரில் இருக்கும் வீடு

டெட்ராய்ட்
அக்டோபர் 14, 2013

ஹோரஸ்,

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. எடுக்க முடியாத நடு ஏரியில் இருக்கிறாய் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன். தபால் படகுக்காரர்களிடம் கொடுத்தால், உங்கள் கப்பல் ஆற்றைக் கடக்கும்போது வாளியில் கட்டி ஏற்றிவிடுவார்களாம். வீட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி ஓடுகிற ஆற்றில் போகிறவன் நீ. உனக்குச் சேதி சொல்ல எனக்கு ஒரு படகு வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேலை முடிந்து வந்தபோது கதவுக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பை தொங்கிக்கொண்டிருந்தது. எதிர்வரிசையிலும் நாலைந்து வீட்டில் தொங்கியது. இந்தப் பக்கம் மஞ்சள் பை என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூட அர்த்தம் தெரியும். உள்ளே இருந்த நோட்டீஸ், மூன்று வருஷ வீட்டு வரி பாக்கி என்றும், வருகிற மார்ச் கடைசிக்குள் பழைய பாக்கியைக் கட்டாவிட்டால் வீட்டைக் கவுண்டி நிர்வாகம் எடுத்து ஏலத்தில் விட்டுவிடும் என்றும் சொல்கிறது. அது அப்பா பெயருக்கு, லெமுவேல் டிரம்மண்ட் என்றே வந்திருக்கிறது. அப்பா இருந்திருந்தால் அதைச் சுருட்டி, கொண்டுவந்த ஆளின் தலையிலேயே அடித்திருப்பார்.

ஏன் கட்டவில்லை என்று நீ கேட்பாய். அவர் போனதோடு பென்ஷனும் போயிற்று. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தை வெளியாளிடம் கொடுத்து எங்களை நிறுத்திவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் அரை வேலைதான் கிடைத்தது. முதல் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குகிற கீழ்த்தளத்து பாய்லர் வெடித்துவிட்டது. வரி கட்டுவதா, உறைந்து சாவதா? அந்த வருஷம் பணத்தைப் பாய்லருக்குக் கட்டினேன். அதற்குப் பிறகு பாக்கி தானாகவே வளர்ந்துகொண்டது.

கவுண்டி அலுவலகத்துக்குப் போனேன். வரிசை கட்டடத்தைச் சுற்றி நின்றது. ஜன்னலில் இருந்த பெண் நல்ல மாதிரிதான் பேசினாள். “வருமானம் கம்மின்னா வரியைத் தள்ளுபடி பண்ண வழி இருக்கும்மா. மிச்சத்தைத் தவணையிலயும் கட்டலாம். ஆனா அதெல்லாம் வீட்டுக்காரங்களுக்கு. நீங்க அங்க குடியிருக்கீங்க, அவ்வளவுதான்” என்றாள்.

கல்யாணம் பண்ணிப் போய் மூக்குடைந்து திரும்பி வந்த அந்த ஆறு வருஷம் தவிர, பன்னிரண்டு வயதிலிருந்து நான் இருக்கிற வீடு அது. ஆனாலும் அவள் சொல்வது சரிதான். அப்பா உயில் எழுதவில்லை. பத்திரம் இன்னும் அவர் பெயரில் இருக்கிறது. சட்டப்படி பாதி உனக்கு, பாதி எனக்கு. உன் பாதியை எனக்கு விட்டுக்கொடுப்பதாக நீ கையெழுத்துப் போட்டால்தான் நான் வீட்டுக்காரி ஆவேன்; அப்படி ஆனால்தான் மனுக் கொடுக்கலாம்.

காகிதம் உள்ளே இருக்கிறது. பென்சிலால் குறி வைத்திருக்கிறேன். நோட்டரி பார்க்க, அவர் முன்னால் போட வேண்டும். டொலீடோ துறைமுகத்தில் கரை இறங்கும்போது ஏதாவது வங்கியில் ஒருவர் இருப்பார்.

உன் பங்கைப் பிடுங்குகிறேன் என்று நினைக்காதே. அப்படி நினைத்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு நினை.

வெர்டெல்

*

‘வாரன் ஹாலிஸ்டர்’ கப்பல்
சுப்பீரியர் ஏரி
நவம்பர் 1

அக்கா,

காகிதம் வந்தது. ஓரம் நனைந்திருந்தது. படிக்க முடிகிறது.

கையெழுத்துப் போடவில்லை.

அப்பா படுத்திருந்த கோடையில் உனக்குப் போன் செய்தேன், நினைவிருக்கிறதா? கரை இறங்கி வரட்டுமா என்று கேட்டேன். “இப்ப வராத ஹோரஸ், உன்னைப் பாத்தா அவருக்குக் கொதிப்பு ஏறிடும்” என்று நீ சொன்னாய். வரவில்லை. அந்தக் கோடை முழுக்க இரும்புத் தாது ஏற்றிக்கொண்டு அந்த ஆற்றில் போய்வந்துகொண்டிருந்தோம். ஊர் வரும்போதெல்லாம் கப்பல் சமையலறை அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன். நம் தெரு அங்கிருந்து தெரியாது. ஆனாலும் நிற்பேன். கடைசியில் அவர் போன சேதி எனக்கு மூன்று நாள் கழித்து வந்தது. அப்பன் சாவுக்கு வேண்டாதவனின் கையெழுத்து, வீட்டுக்கு மட்டும் எதற்கு?

முப்பது வருஷத்துக்கு முன்னால், அப்பா வேலை பார்த்த பட்டறையில் நான் சேர்ந்த மூன்றாவது வாரம், என் கண் முன்னால் இரும்பு உருக்குகிற சட்டி கவிழ்ந்தது. கூட வேலை பார்த்தவனின் கால் போயிற்று. நான் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர் கெஞ்சி வாங்கிக் கொடுத்த வேலை அது. “எம்பேரைக் கெடுத்தவன் இந்தப் படியை மிதிக்கக் கூடாது” என்றார். மிதிக்கவில்லை. அம்மா சாவுக்குக்கூட தேவாலயத்துக்கு வந்துவிட்டு அப்படியே திரும்பிவிட்டேன். யோசித்துப் பார்த்தால், அவர் பேச்சைக் கடைசிவரை கேட்ட பிள்ளை நான்தான்.

ராட்மன் என்று ஒருவர் எனக்கு இரண்டு கடிதம் போட்டிருக்கிறார். என் பங்கை வாங்கிக்கொள்கிறேன் என்கிறார். முகவரி எப்படிக் கிடைத்ததோ. மரியாதையாக எழுதுகிறார். பென்சில் குறியெல்லாம் இல்லை.

ஒன்று கேட்கிறேன். கடைசிக் காலத்தில் அவர் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? ஒரு வார்த்தையாவது? அதை எழுது. பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

ஹோரஸ்

*

டெட்ராய்ட்
நவம்பர் 11

ஹோரஸ்,

உன் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்து பல தடவை கிழித்துவிட்டேன். “ஆமாம், உன்னை நினைத்து அழுதார்” என்று ஒரு வரி எழுதினால் போதும், மறு தபாலில் கையெழுத்து வந்துவிடும். அது எனக்குத் தெரியும். நேற்று ஆராதனையில் பாட்டுப் பாடும்போதுகூட அந்த வரிதான் வாயில் வந்தது.

சொல்லவில்லை, தம்பி. உன் பெயரை அவர் எடுக்கவே இல்லை.

ஒரு சாயங்காலம் ஜன்னல் திறந்திருந்தது. காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் ஆற்றில் கப்பல் ஊதியது கேட்டது. “அப்பா, அது ஹோரஸோட கப்பலா இருக்கும்” என்றேன். “டி.வி. சத்தத்தைக் கூட்டு” என்றார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று நான் அர்த்தம் பண்ணித் தர மாட்டேன். நீயும் பண்ணிக்கொள்ளாதே.

உன்னை வர வேண்டாம் என்றது நான்தான். அவர் என்னைத் தினமும் திட்டிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டால் திட்டு, துடைக்காவிட்டால் திட்டு. ஊட்டிய கஞ்சியைத் துப்புவார். அதே வாயால் உன்னையும் திட்டி, நீ அதைக் கேட்டுக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிப் போவதை என்னால் பார்த்திருக்க முடியாது. அது சரியா தப்பா என்று இப்போது வழக்காட எனக்குத் தெம்பு இல்லை. என்னைப் பற்றியும் அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லாமல்தான் போனார் என்பதை மட்டும் தெரிந்துகொள்.

அந்த ராட்மனிடம் மட்டும் சிக்கிக்கொள்ளாதே. நம் கதவிலும் அவனுடைய அட்டை செருகியிருந்தது. மூலைவீட்டு டாலிவர் அம்மாளின் கொழுந்தன் பங்கை இவன்தான் வாங்கினான். பாதி வீட்டுக்காரனாக உள்ளே வந்து உட்கார்ந்தான். வரி பாக்கியைக் கட்டாமல் விட்டு, ஏலத்துக்குப் போனதும் முழு வீட்டையும் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டான். அந்த அம்மாள் இப்போது மகள் வீட்டில், துணி துவைக்கிற அறையில் படுத்துக்கொள்கிறாள்.

பதில் போடு. திட்டியாவது போடு.

வெர்டெல்

*

டொலீடோ
நவம்பர் 14

அக்கா,

கரி ஏற்றிக்கொண்டிருக்கிறோம். உன் பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் பரவாயில்லை, எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மிஸ்டர் ராட்மன் நேற்று துறைமுக வாசலுக்கே வந்துவிட்டார். நம்மைப் போலக் கறுப்பர்தான், உயரமாக, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு. வாசலுக்கு எதிரே இருக்கிற சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பொரித்த மீன் வாங்கிக் கொடுத்தார். மீன் சுமார். நானே நன்றாகப் பொரிப்பேன்.

அப்பாவை அவருக்குத் தெரியுமாம். தொழிற்சங்கக் கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்களாம். “உங்கப்பா உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது. ‘எம்பையன் ஏரியில இருக்கான், ஒரு கப்பலுக்கே சோறு போடறான்’னு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு” என்றார்.

நான் கை கழுவப் போவதுபோல எழுந்து போய், கொஞ்ச நேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? யாரோ ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? அப்பாவுடைய கோபம் உனக்கு வசதியாக இருந்ததா?

என் பங்கை அவருக்கு எழுதி, அங்கேயே அந்த மேஜையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஐந்நூறு டாலர் கொடுத்தார். அதுகூட வேண்டாம் என்றுதான் சொன்னேன். வரி பாக்கியை அவரே பார்த்துக்கொள்வாராம். உனக்கும் தொந்தரவு இல்லை, எனக்கும் இல்லை.

ஹோரஸ்

*

டெட்ராய்ட்
நவம்பர் 25

ஹோரஸ்,

ராட்மனுக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அப்பா பட்டறையை விட்டது எண்பத்தாறில். அதற்கப்புறம் அவர் சங்கக் கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அப்போது இவன் பள்ளிக்கூடத்தில் மூக்கொழுகிக்கொண்டு நின்றிருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டுதானே மீன் தின்றாய்?

டாலிவர் அம்மாளிடமும் போய்க் கேட்டேன். “உங்க கணவர் உங்களைப் பத்திப் பேசாத நாள் கிடையாது” என்று அவளிடம் சொன்னானாம். ஆளை மட்டும் மாற்றியிருக்கிறான், வேறு ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

நேற்று வீட்டுக்கு வந்தான். காலைத் துடைக்காமல் பனியோடு கூடத்தில் நடந்தான். பாதி வீடு தன்னுடையது என்றும், கிறிஸ்துமஸ் பண்டிகைக்குள் நான் காலி செய்தால் ஏதோ கொஞ்சம் தருவதாகவும், இல்லையென்றால் வாடகை கொடுக்க வேண்டும் என்றும் சொன்னான். வரியை எப்போது கட்டப் போகிறாய் என்று கேட்டேன். சிரித்தான்.

இலவசச் சட்ட உதவி மையத்தில் மிஸ் பெல் என்று ஒரு வக்கீல் இருக்கிறாள். சின்னப் பெண். ராட்மன் பதிவு செய்த பத்திரத்தின் நகல் அவளிடம் இருக்கிறது. அதில் நோட்டரி முத்திரை இருக்கிறது. நீ நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டதாக எழுதியிருக்கிறது. போட்டாயா? சாப்பாட்டுக் கடையில் என்றல்லவா எழுதியிருக்கிறாய்? அதை நீயே வந்து நீதிபதி முன்னால் சொல்ல வேண்டுமாம். கடிதமெல்லாம் செல்லாது.

இதற்கு மேல் எழுதினால் பிறகு வருத்தப்படுவேன்.

வெ.

*

‘வாரன் ஹாலிஸ்டர்’
ஏரிக்கு ஏரி கப்பலை ஏற்றி இறக்குகிற மதகு வாசலில், பனியில் நிற்கிறோம்
டிசம்பர் 9

அக்கா,

உன் இரண்டு கடிதமும் ஒரே வாளியில் வந்தன. முதல் கடிதம் எங்கோ துறைமுகத் தபாலில் சுற்றியிருக்கிறது. தேதி பார்த்து வரிசையாகப் படித்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரொட்டியைக் கரியாக்கிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எல்லாரும் கரியைச் சுரண்டிவிட்டுத் தின்றார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

நோட்டரி யாரும் அங்கே இல்லை. நான், அவன், தட்டு எடுக்க வந்த பெண், அவ்வளவுதான்.

அவன் வயது எனக்குத் தெரிந்தது, அக்கா. தெரியாமல் என்ன? அந்த வார்த்தையைச் சொன்னதற்கப்புறம் அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கணக்கு வந்துவிடும் என்று பார்க்கவில்லை.

நீ ஒரு வரி பொய் எழுதியிருக்கலாம். அது நேரத்தோடு வந்திருந்தால் வீடு உன் கையில் இருந்திருக்கும். உன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி மறுபடி அதைத்தான் யோசிக்கிறேன். டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொன்னார் என்று எழுதினாயே, அது அப்படியே அவர் குரலில் கேட்கிறது. ராட்மன் சொன்னது அவர் குரலில் கேட்கவே இல்லை. அப்போதே இது தோன்றியிருக்க வேண்டும்.

ஜனவரி நடுவில் ஏரி உறைந்ததும் கப்பலை டொலீடோவில் கட்டிவிடுவோம். தேதியை அந்த வக்கீல் பெண்ணிடம் கேட்டு எழுது. வருகிறேன்.

ஐந்நூறையும் தொடவில்லை. உறையோடு கொண்டுவருகிறேன்.

ஹோரஸ்

*

டெட்ராய்ட்
ஜனவரி 24, 2014

தம்பி,

நீ பஸ் ஏறிப் போன பிறகு அழுதேன். பிறகு கோபம் வந்தது. இப்போது இரண்டும் ஆறிவிட்டது, எழுதுகிறேன்.

கோர்ட்டுக் கூடத்தில் நீ நுழைந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்பா வருகிறார் என்று ஒரு நொடி எழுந்தே நின்றுவிட்டேன். அதே நடை, அதே போல தொப்பியைத் தொடையில் தட்டிக்கொண்டு. இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

பத்திரத்தில் முத்திரை குத்திய நோட்டரிப் பெண்ணை மிஸ் பெல் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. ராட்மன், யார் யாரோ முன்பே கையெழுத்துப் போட்ட காகிதங்களைக் கட்டாகக் கொண்டுவந்து வைப்பான், தான் முத்திரை குத்திக் கொடுப்பேன் என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவனுடைய வக்கீல் விடவில்லையே. “ஐம்பத்து மூணு வயசு ஆளு. எழுதப் படிக்கத் தெரியும். யாரும் மிரட்டலை. வெறும் ஐந்நூறு டாலருக்குப் பாதி வீட்டை மனசில்லாம எழுதிக் குடுப்பாரா? விருப்பப்பட்டுத்தான் குடுத்திருக்கார்” என்றான். நீதிபதி அம்மாள் உன்னைப் பார்த்து, ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

நீ தொப்பியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாய்.

“எங்கப்பா என்னைப் பத்திப் பெருமையாப் பேசினார்னு இவர் சொன்னார்மா. முப்பது வருஷமா யாராச்சும் அதைச் சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன். அன்னிக்கு இவர் முழு வீட்டைக் கேட்டிருந்தாலும் எழுதிக் குடுத்திருப்பேன்.”

கூடத்தில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்க, எனக்குப் பின்வரிசையில் டாலிவர் அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருக்க, நீ அதைச் சொன்னாய். ராட்மன்கூடத் தன் கோட்டுப் பொத்தானைப் பார்த்தான். எனக்கு எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்க வேண்டும்போல இருந்தது. மிஸ் பெல் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

சரி, அதற்கப்புறம் நீ செய்தது என்ன? வீட்டு வாசல்வரை காரில் வந்தாய். இறங்கவில்லை. நான் உள்ளே போய்க் பொரித்த கோழியையும் சோள ரொட்டியையும் அலுமினியத் தாளில் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, பிச்சை போடுவதுபோலக் கார் ஜன்னலில் கொடுக்க வேண்டியிருந்தது. டாலிவர் அம்மாளின் மருமகன் இன்ஜினைக்கூட நிறுத்தவில்லை. எனக்கு எவ்வளவு அவமானமாக இருந்தது, தெரியுமா? செத்துப்போனவர் பேச்சுக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசி, உயிரோடு கூப்பிடுகிற எனக்குக் கிடையாதா?

தீர்ப்பு எப்போது என்று தெரியவில்லை. மார்ச் கடைசி மட்டும் யாருக்காகவும் நிற்காது. இந்தக் குளிரில் பாய்லரை அணைத்தால் தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும், அணைக்காவிட்டால் பில் வெடிக்கும். அப்பாவின் பழைய ப்யூக் வண்டியை விற்கப் பேசியிருக்கிறேன்.

வெர்டெல்

*

டொலீடோ
பிப்ரவரி 6

அக்கா,

கோழி நன்றாக இருந்தது. பஸ்ஸிலேயே தின்றுவிட்டேன். மிளகு கொஞ்சம் கூட.

குளிர்காலம் முழுக்கக் கப்பலைக் காவல் காக்கிற வேலையை வாங்கிக்கொண்டேன். காலிக் கப்பலில் மூன்று பேர்தான். பனி இரும்பை இறுக்கும்போது யாரோ கதவைத் தட்டுவதுபோலச் சத்தம் வரும்.

அன்று வீட்டு வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். கார் நின்றதும் கைப்பிடியில் கை வைத்தேன். கை திறக்கவில்லை. படியைத் தாண்டினால் அவர் ஜெயித்துவிடுவார் என்று தோன்றியதா, தோற்றுவிடுவார் என்று தோன்றியதா, அதுகூடத் தெரியவில்லை. அவமானம் உனக்கு இல்லை, எனக்குத்தான்.

இதோடு ஒரு மணியார்டர். என் காவல் சம்பளமும் போன கோடையில் மிச்சம் பிடித்ததும். ப்யூக்கை விற்பதோடு இதைச் சேர்த்தால், நோட்டீஸில் இருக்கிற பழைய வருஷத்தை அடைத்துவிடலாம் என்று மிஸ் பெல் போனில் சொன்னாள். பழைய வருஷம் அடைந்தால் இந்த மார்ச்சில் வீட்டை எடுக்க மாட்டார்களாம். தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும், அதைக் கட்டிவிடு. ராட்மனுக்கும் சேர்த்துக் கட்டுகிறோமே என்று நினைக்காதே. நான் நினைத்தேன், நினைத்துவிட்டு அனுப்புகிறேன்.

ஹோரஸ்

*

டெட்ராய்ட்
மார்ச் 27

தம்பி,

தீர்ப்பு வந்துவிட்டது. ராட்மனுடைய பத்திரம் செல்லாது. நீதிபதி எழுதியதை மிஸ் பெல் படித்துக் காட்டினாள். பாதி புரிந்தது, புரிந்த பாதி போதும். அவன் மேல்முறையீடு செய்வானோ என்று கேட்டேன். நோட்டரி விஷயம் வெளியில் வந்த பிறகு அவனுக்கு வேறு பத்து வீட்டுத் தலைவலி இருக்கிறது என்றாள். டாலிவர் அம்மாளின் வீடு மட்டும் திரும்பாது. அது ஏலத்தில் போனது, சட்டப்படி போனது. அவள் எனக்காகச் சந்தோஷப்பட்டு ஒரு கேக் செய்து கொண்டுவந்தாள். அதை எப்படித் தின்பது என்று தெரியாமல் தின்றேன்.

திங்கட்கிழமை கவுண்டி அலுவலகத்தில் பணத்தைக் கட்டினேன். விடியும் முன்பே வரிசை. எனக்கு முன்னால் நின்ற ஒரு மனிதர் கையில் சில்லறையும் நோட்டுமாக ஒரு காபி டப்பா வைத்திருந்தார். ஜன்னலில் எண்ணிப் பார்த்து, போதாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். டப்பாவை மூடிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார். நான் ரசீது வாங்கிக்கொண்டு அவரைத் தாண்டி வந்தேன். ஜெயித்த மாதிரியே இல்லை, ஹோரஸ். யாரோ ஒருவர் தலையில் விழுந்தது நம் தலையைத் தொடாமல் போயிற்று, அவ்வளவுதான்.

இந்த மார்ச் போயிற்று. இன்னும் இரண்டு வருஷ பாக்கி அடுத்த மார்ச்சையும் அதற்கடுத்த மார்ச்சையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தவணை கட்டலாம், தள்ளுபடிக்கும் எழுதலாம். ஆனால் அதற்குப் பழைய சங்கதிதான், பத்திரத்தில் பெயர் வேண்டும். நீயும் நானுமாகப் பெயர் போட்டுக்கொள்ளலாம். நீ அங்கே குடியிருக்காததால் மனு சிக்கலாகும் என்கிறாள் மிஸ் பெல். நீ விட்டுக்கொடுத்தால் சுலபம்.

முதல் தடவை காகிதம் அனுப்பிப் பென்சிலால் குறியும் வைத்தேன். இந்தத் தடவை அனுப்பவில்லை. உன் பாதி உன்னுடையது. அதை வைத்துக்கொண்டு நீ உன் பெயரை அவர் வீட்டின் மேல் எழுதிக்கொள்ள வேண்டும் என்றால், எழுதிக்கொள். கஷ்டமானால் கஷ்டப்பட்டுக்கொள்கிறேன். உனக்கு அவரிடமிருந்து ஒன்றுமே வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

உறைக்குள் ஒரு சாவி இருக்கிறது. முன்கதவுச் சாவி. நான் உன்னை இனிக் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டு அசிங்கப்பட்டது போதும். செவ்வாயும் வியாழனும் நான் மாலைவரை வேலையில் இருப்பேன். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வருவதும் வராததும் உன் பாடு.

வெர்டெல்

*

‘வாரன் ஹாலிஸ்டர்’
ஹூரான் ஏரி
ஏப்ரல் 17

அக்கா,

கப்பல் கிளம்பிவிட்டது. ஏரியில் இன்னும் பனிக்கட்டி இருக்கிறது. முன்னால் பனி உடைக்கிற கப்பல் போகிறது, பின்னால் நாங்கள் ஊர்ந்து போகிறோம்.

மிஸ் பெல் உன்னிடம் சொல்லியிருப்பாள். என் பாதியை உனக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தத் தடவை உண்மையான நோட்டரி, கண்ணாடி போட்ட வயசான மனிதர். என் அடையாள அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “விருப்பப்பட்டுத்தானே போடறீங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “யாராவது ஏதாவது சொல்லிப் போட வெச்சாங்களா?” என்றார். இல்லை, எங்கக்கா ஒன்னும் சொல்லலை, அதனாலதான் போடறேன் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. முத்திரை குத்தினார்.

பெயர் போட்டுக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் அந்த ஆசையோடு படுத்து எழுந்தேன். அவர் வீட்டின் மேல் என் பெயர் என்று நினைத்தால் இனிக்கிறது. ஆனால் அவர் கொடுத்ததாக ஆகாதே. சட்டம் கொடுத்ததாகத்தானே ஆகும்? எனக்காக நீ அடுத்த மார்ச்சிலும் விடியும் முன்பே போய் வரிசையில் நிற்க வேண்டாம்.

கப்பல் ஏறும் முன், செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் போனேன்.

உனக்குத் தெரிந்திருக்காது. தட்டைக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டேன். அடுப்பில் பீன்ஸ் இருந்தது, கொஞ்சம் தின்றேன். வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதே. எதிர்வீட்டுப் பெண்மணி திரையை விலக்கிப் பார்த்துவிட்டாள். திருடன் என்று போலீசைக் கூப்பிட்டுவிடப் போகிறாளே என்றுதான் சாவியைப் போட்டேன். அந்தப் புண்ணியவதிக்கு நன்றி சொல்.

உள்ளே போனால் ஏதோ நடக்கும் என்று இருந்தேன். நெஞ்சு அடைக்கும், இல்லை அவர் குரல் கேட்கும், இல்லை அழுகை வரும். ஒன்றும் நடக்கவில்லை. கூடத்தில் நின்றேன். அவருடைய நாற்காலியைத் தொட்டேன். மாடிக்குப் போனேன். என் அறையில் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் எட்டிவிடும் போலிருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தேன்.

இவ்வளவு சின்ன வீடா, அக்கா?

கடல் மாதிரி இருக்கிற ஏரியில் புயலில் போயிருக்கிறேன். சூப் பானை சுவரில் பறந்திருக்கிறது. அப்போதெல்லாம் பயந்ததில்லை. இதற்குத்தான் பயந்துகொண்டிருந்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு பழைய பாய்லர், ஜன்னலில் பாதி செத்த ஒரு செடி.

மாடிப் பின்னறையில் கூரை மூலையில் ஈரம் பெரிய வட்டமாகப் படர்ந்திருக்கிறது. நீ பார்த்தாயோ, பார்த்தும் விட்டுவிட்டாயோ. ஓடு பெயர்ந்திருக்கும். மே மாத மழைக்கு முன்னால் ஆளை வைத்துப் பார். காசு இல்லையென்றால் யாரையாவது ஒரு தார்ப்பாய் மட்டும் போடச் சொல், ஜனவரியில் நான் வந்து ஏறிப் பார்க்கிறேன். நீ ஏறாதே, உன் முழங்காலுக்கு ஆகாது.

ஹோரஸ்